சோம்பேறிக் கண்: வைத்தியம் நடப்பது வீட்டில்

குழந்தையின் இடது கண்ணை உள்ளங்கையால் மூடுங்கள். கவலைப்படாமல் விளையாடிக்கொண்டிருக்கிறதா? இப்போது வலது கண்ணை மூடுங்கள். கையைத் தட்டிவிடுகிறதா, தலையைத் திருப்பிக்கொண்டு சிணுங்குகிறதா? அப்படியானால் இடது கண்ணில் பார்வை குறைவாக இருக்கலாம். இது முடிவான பரிசோதனை இல்லை. ஆனால் காசு செலவில்லாமல் எந்த வீட்டிலும் செய்து பார்க்கலாம். அதனால்தான் எங்கே போனாலும் முதலில் இதைச் சொல்கிறேன்.

நான் மதுரையில் குழந்தைகள் கண் பிரிவில் ஆப்டோமெட்ரிஸ்டாக, அதாவது கண் பவர் பார்க்கிறவராக, வேலை பார்க்கிறேன். மேலூர், உசிலம்பட்டி, திருமங்கலம், சிவகங்கை என்று சுற்றுவட்டாரத்திலிருந்தெல்லாம் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வருகிறார்கள். கண் வைத்தியத்துக்குப் பேர்போன ஊர் இது. 1976-இல் டாக்டர் கோ. வெங்கடசாமி 11 படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் மருத்துவமனை இங்கேதான் வளர்ந்தது. தாத்தாவுக்கோ அப்பத்தாவுக்கோ கண்புரை ஆபரேஷன் நடக்காத வீடு இங்கே குறைவு. அதனாலேயே ஒரு எதிர்பார்ப்பும் இருக்கிறது: கண்ணில் குறை என்றால் ஒரு ஆபரேஷன், மறுநாள் கட்டைப் பிரித்தால் பளிச்சென்று தெரியும் என்று. சோம்பேறிக் கண்ணுக்கு அப்படி ஓர் ஆபரேஷன் கிடையாது. வைத்தியத்தில் பெரும்பகுதி வீட்டில், மாதக்கணக்கில் நடக்கிறது. அதை எப்படி நடத்துவது என்றுதான் எழுதுகிறேன்.

என்ன நடக்கிறது

சோம்பேறிக் கண்ணை ஆம்ப்லியோபியா என்று டாக்டர் சீட்டில் எழுதியிருப்பார். பெரும்பாலும் கண்ணின் அமைப்பில் குறையே இருக்காது. அந்தக் கண்ணிலிருந்து தெளிவில்லாத, அல்லது மற்ற கண்ணோடு ஒத்துப்போகாத படம் வந்துகொண்டே இருந்ததால், மூளை அதைக் கவனிக்காமல் விட்டுவிட்டது. ஹ்யூபல், வீசல் என்ற இரு விஞ்ஞானிகள் பூனைக்குட்டியின் ஒரு கண்ணைச் சில காலம் மூடிவைத்து ஆராய்ந்தார்கள். மூளையில் அந்தக் கண்ணுக்கான இடத்தையும் திறந்திருந்த கண்ணே எடுத்துக்கொண்டது தெரிந்தது. பார்வை பற்றிய ஆராய்ச்சிக்காக 1981-இல் அவர்களுக்கு நோபல் பரிசு கிடைத்தது. வளர்ந்த பூனையின் கண்ணை மூடியபோது அப்படி ஆகவில்லை. சீக்கிரம் வாருங்கள் என்று நாங்கள் நச்சரிப்பது இதனால்தான்.

காரணம் பெரும்பாலும் மூன்றில் ஒன்று. மாறுகண் ஒன்று. அது வெளியே தெரியும். "மாறுகண் அதிர்ஷ்டம், கை வைக்காதீங்க" என்று பெரியவர்கள் தடுக்காவிட்டால் வந்துவிடுவார்கள். இரண்டாவது, இரு கண்ணுக்கும் பவர் வித்தியாசம். இதுதான் ஏமாற்றிவிடுகிறது. பார்க்க இரு கண்ணும் அழகாக, நேராக இருக்கும். பிள்ளை ஒரு கண்ணை வைத்துக்கொண்டே எழுதும், படிக்கும், டிவி பார்க்கும். வகுப்பில் முதல் ரேங்க்கூட வாங்கும். யாருக்கும் சந்தேகம் வராது. மூன்றாவது, பிறவிக் கண்புரை, இமை கீழே இறங்கி மறைப்பது போன்றவை. இவை அவசரம். பிறந்த குழந்தைக்கு அடர்த்தியான புரை இருந்தால் முதல் சில வாரங்களுக்குள் எடுத்தாக வேண்டும். போட்டோவில் ஒரு கண்மணி மட்டும் வெள்ளையாகப் பளபளத்தால் அன்றைக்கே கண் டாக்டரிடம் போங்கள். புரையாக இருக்கலாம், விழித்திரைக் கட்டியாகவும் இருக்கலாம். மற்ற பிள்ளைகளையும் எல்.கே.ஜி. சேர்க்கும் முன் ஒரு தடவை காட்டிவிடுங்கள். அப்பாவுக்கோ அம்மாவுக்கோ மாறுகண் இருந்தாலும், குறைமாதக் குழந்தை என்றாலும் அதற்கும் முன்பே.

கண்ணில் மருந்து ஊற்றி, பாவை விரிந்த பிறகு பவரும் நரம்பும் பார்க்க வேண்டும். பிள்ளை அழுகிறதே என்று சொட்டு மருந்து வேண்டாம் என்பவர்கள் உண்டு. மருந்து ஊற்றாமல் பார்த்தால் பிள்ளைகளின் கண் பவரை ஒளித்துவிடும். அந்தக் கண்ணாடி வீண்.

முதல் மருந்து கண்ணாடி

வந்த அன்றைக்கே "எக்சர்சைஸ் இருக்காமே, அதைச் சொல்லிக்கொடுங்க" என்று கேட்கிறார்கள். முதலில் கண்ணாடி. தெளிவான படம் உள்ளே போகாமல் எந்தப் பயிற்சி செய்தும் பயனில்லை. பவர் வித்தியாசத்தால் சோம்பலான கண்ணுள்ள 3 முதல் 7 வயதுப் பிள்ளைகளிடம் அமெரிக்காவில் ஓர் ஆய்வு நடத்தினார்கள். கண்ணாடி மட்டும் போட்டதிலேயே நான்கில் ஒருவருக்குச் சற்று மேல், சோம்பல் முழுதாகச் சரியானது. மற்றவர்களில் பலருக்கும் சார்ட்டில் இரண்டு வரி, மூன்று வரி கூடியது. ஆகவே கண்ணாடி போட்டு மூன்று, நான்கு மாதம் பார்த்துவிட்டு, தேவைப்பட்டால் ஒட்டு போடுவது, அதாவது நல்ல கண்ணைச் சில மணி நேரம் ஒட்டி மூடுவது, நல்ல முறை. பார்வை ரொம்பக் குறைவு என்றால் டாக்டர் இரண்டையும் சேர்த்தே தொடங்குவார்.

கண்ணாடி என்றால் எழுந்ததிலிருந்து தூங்கும்வரை. பள்ளிக்கூடத்துக்கு மட்டும், டிவிக்கு மட்டும் என்றெல்லாம் இல்லை. கடையில் பாலிகார்பனேட் லென்ஸ் கேளுங்கள், விழுந்தாலும் பந்து பட்டாலும் எளிதில் உடையாது. நல்ல கண் ஒன்றுதான் இருக்கிறது என்னும்போது அதைக் காப்பதும் இந்தக் கண்ணாடிதான். மூக்கில் வழுக்கி இறங்கினால் பிள்ளை மேல் விளிம்புக்கு வெளியே பார்க்கும். எலாஸ்டிக் பட்டை போட்டுப் பின்னால் கட்டிவிடுங்கள்.

"பொம்பளப் பிள்ளைக்கு இப்பவே கண்ணாடியா, நாளைக்கு யாரு கட்டுவா?" என்று கேட்கிற வீடுகளில் நான் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொண்டு உட்கார்ந்து பேசுவேன். நான்கு வயதுப் பெண்ணுக்கு இன்றைக்குப் போடாத கண்ணாடியை, இருபது வயதில் எந்தப் பணம் கொடுத்தும் ஈடுகட்ட முடியாது. விசேஷ வீட்டில் போட்டோவுக்காகக் கழற்றச் சொல்வதுகூட வேண்டாம். கண்ணாடி அழகைக் கெடுக்கிற பொருள் என்று பிள்ளை கற்றுக்கொள்வது அங்கேதான்.

ஒட்டு போடுவது

ஒட்டுவது நல்ல கண்ணின் மேல். தெரியாத கண்ணை மூடிக்கொண்டு வருகிற பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். அதனால் சீட்டில் 'வலது', 'இடது' என்று பெரிதாக எழுதி வாங்கிக்கொண்டு குளிர்சாதனப் பெட்டிக் கதவில் ஒட்டிவையுங்கள். யார் போட்டுவிட்டாலும் தப்பாது.

எத்தனை மணி நேரம்? முன்பெல்லாம் நாள் முழுக்கப் போடச் சொல்வோம். 2003-இல் வந்த ஆய்வுகள் இதை மாற்றின. சார்ட்டில் 6/12 முதல் 6/24 வரை படிக்கிற (நல்ல கண் 12 முதல் 24 மீட்டரில் படிப்பதை 6 மீட்டரில்தான் படிக்கிற) பிள்ளைக்கு, தினம் 6 மணி நேரம் மூடியதற்கும் 2 மணி நேரம் மூடியதற்கும் நான்கு மாதத்தில் வித்தியாசமில்லை. அதைவிட மோசமான பார்வைக்கு, நாள் முழுக்க மூடியதும் 6 மணி நேரம் மூடியதும் ஒரே பலனைத் தந்தன. சீக்கிரம் சரியாகட்டும் என்று நீங்களாக நேரத்தைக் கூட்டாதீர்கள். அளவுக்கு மீறி மூடினால் நல்ல கண்ணின் பார்வை இறங்கக்கூடும், சிறு பிள்ளைக்கு இன்னும் சீக்கிரம். சொன்ன தேதியில் காட்ட வரச் சொல்வது, சோம்பேறிக் கண் ஏறியிருக்கிறதா என்பதோடு, நல்ல கண் இறங்காமல் இருக்கிறதா என்றும் பார்க்கத்தான்.

ஒட்டு தோலில் ஒட்ட வேண்டும், அதற்கு மேல் கண்ணாடி. கண்ணாடி மேல் துணி தொங்கவிட்டால் மூக்கோரம் எட்டிப் பார்க்கிற கெட்டிக்காரர்கள்தான் பாதிப் பேர். மருந்துக்கடையில் கிடைக்கிற, ஓரம் முழுக்கப் பசையுள்ள கண் ஒட்டே நல்லது.

மதுரை வெயிலில் அது நிற்காது என்பது எல்லாத் தாய்மாரும் சொல்வது. சித்திரை, வைகாசியில் பத்து நிமிடத்தில் வியர்த்து ஓரம் கிளம்பிவிடும், கன்னம் சிவந்து அரிக்கும். அதனால் வெயில் தணிந்து, முகம் கழுவி, நன்றாகத் துடைத்துக் காயவிட்டு, ஃபேன் கீழே உட்கார்ந்து போடுங்கள். முகத்தில் எண்ணெய், பவுடர் இருந்தால் ஒட்டாது. எடுக்கும்போது வெடுக்கென்று இழுக்காமல் ஈரப்பஞ்சால் ஓரத்தை நனைத்து மெதுவாக உரியுங்கள். எடுத்த பிறகு தேங்காய் எண்ணெய் தடவலாம். நாளுக்கு நாள் ஒட்டின் சாய்வை மாற்றினால் ஒரே இடம் புண்ணாகாது. புண் வந்துவிட்டால் டாக்டரைக் கேட்டு இரண்டொரு நாள் நிறுத்தலாம், வேறு வழியும் இருக்கிறது. கீழே சொல்கிறேன்.

பள்ளிக்கூடம் போகிற பிள்ளைக்கு 2 மணி நேரம் என்றால் சாயந்தரம் வீட்டிலேயே முடித்துவிடலாம். மற்ற பிள்ளைகள் கேலி செய்யாது, கரும்பலகை தெரியவில்லை என்ற கஷ்டமும் இல்லை. ஒட்டோடு சைக்கிள் விடக் கூடாது, ரோட்டைக் கடக்கக் கூடாது, மொட்டை மாடியில் விளையாட விடக் கூடாது. அந்த நேரத்தில் பிள்ளைக்கு உண்மையிலேயே குறைவாகத்தான் தெரியும்.

அந்த 2 மணி நேரம் என்ன செய்வது? கிட்டத்தில் வைத்துச் செய்கிற வேலைதான் பலன் தரும் என்று நெடுநாள் நம்பினோம். 2008-இல் ஒப்பிட்டுப் பார்த்தபோது, கிட்ட வேலை செய்த பிள்ளைகளும் தூரத்துப் பார்வையோடு பொழுது போக்கிய பிள்ளைகளும் ஒரே மாதிரி தேறினார்கள். ஆகவே எழுதியே ஆக வேண்டும் என்று அடிக்காதீர்கள். பிள்ளை ஒட்டை மறந்து ஈடுபடுகிற வேலை எதுவும் நல்ல வேலைதான்.

உசிலம்பட்டிப் பக்கம் ஒரு குடும்பம், வீட்டில் மல்லிகைப் பூ கட்டுகிறவர்கள். ஆறு வயதுப் பெண். ஒட்டு போட்டாலே அழுகை. அப்பத்தா தன் பக்கத்தில் உட்காரவைத்து, மொட்டு தனி, விரிந்த பூ தனி என்று பிரிக்கச் சொல்லியிருக்கிறார். முதலில் தடவித் தடவிப் பிரித்தவள், சில வாரத்தில் "இது விரிஞ்சிருச்சு அப்பத்தா, நீ பாக்கல" என்று அவருக்கே சொல்ல ஆரம்பித்திருக்கிறாள். எனக்கு இதைவிட நல்ல பயிற்சி சொல்லத் தெரியாது. பூ இல்லாத வீட்டில் பல்லாங்குழி ஆடலாம், அரிசியில் கல் பொறுக்கலாம், புள்ளிக்கோலத்தை நோட்டில் இழுக்கலாம், கேரம் ஆடலாம். செல்போனை ஒட்டு நேரத்தின் லஞ்சமாக ஆக்கிவிட்டால் பிறகு எடுப்பது கஷ்டம்.

அந்த அப்பத்தா உதவினார். பல வீடுகளில் அப்பா அம்மா வேலைக்குப் போனதும், "பிள்ளைய ஏன்டா பாடாப்படுத்துறீங்க" என்று ஒட்டை உரித்துவிடுவதே அப்பத்தாவோ அம்மாச்சியோதான். பாசத்தில் செய்வது. அடுத்த முறை வரும்போது அவரையும் கூட்டி வாருங்கள். பேரன் ஒரு கண்ணால் கடைசி வரிவரை படித்துவிட்டு, மறு கண்ணால் மேலே இருக்கிற பெரிய எழுத்தில் தடுமாறுவதை அவர் நேரில் பார்க்கட்டும். அதற்குப் பிறகு அவரே காவல் இருப்பார்.

ஒட்டு ஒத்துவராவிட்டால்

நல்ல கண்ணில் அட்ரோபின் சொட்டு மருந்து விடுகிற முறை உண்டு. அது நல்ல கண்ணின் கிட்டப் பார்வையை மங்கலாக்கி, மறு கண்ணை வேலை செய்ய வைக்கும். 6/24 வரையான பார்வைக் குறைவுக்கு ஒட்டு அளவுக்குப் பலன் தருகிறது. சனி, ஞாயிறு மட்டும் விட்டாலும் போதும் என்று 2004-இல் வந்த ஆய்வு காட்டியது. ஆனால் எல்லாப் பவருக்கும் இது பொருந்தாது, டாக்டர்தான் சொல்ல வேண்டும். விட்டதும் கண்ணின் உள்மூலையை ஒரு நிமிடம் அழுத்திப் பிடியுங்கள், கையைக் கழுவுங்கள். பாவை விரிந்தே இருக்கும், வெயிலில் தொப்பி வேண்டும். முகம் சிவந்து, வாய் வறண்டு, காய்ச்சல் மாதிரி உடம்பு சுட்டால் நிறுத்திவிட்டு உடனே டாக்டரிடம் போங்கள். பாட்டிலைப் பிள்ளை கைக்கு எட்டாமல் பூட்டிவையுங்கள். குடித்துவிட்டால் உயிருக்கே ஆபத்து.

மாறுகண் ஆபரேஷன் கண்ணை நேராக்கும். சோம்பலை அது சரி செய்யாது. ஆபரேஷனுக்கு முன்னும் பின்னும் ஒட்டு தேவைப்படலாம்.

பயிற்சிகள்: எது, எப்போது

இப்போது விஷன் தெரபி என்கிற கண் பயிற்சிக்கு வருவோம். கண்ணாடிக்கும் ஒட்டுக்கும் பதிலாக இதைச் செய்யலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். சோம்பேறிக் கண் ஓரளவு ஏறிய பிறகு, இரண்டு கண்ணையும் சேர்ந்து வேலை செய்யவைக்க இது துணை. அந்த அளவில் நானே செய்யவைக்கிறேன்.

ஒன்று, சிவப்புக் கண்ணாடி. நல்ல கண்ணின் முன் சிவப்பு ஃபில்டர், வெள்ளைத் தாளில் சிவப்புப் பேனாவால் வரைந்த வளைவுப் பாதை. ஃபில்டர் வழியே சிவப்புக் கோடு மறைந்துவிடும். இரு கண்ணும் திறந்திருக்கும், ஆனால் கோட்டைப் பார்ப்பது சோம்பேறிக் கண் மட்டும். பிள்ளை அதன் மேல் பென்சிலால் இழுத்துக்கொண்டு போக வேண்டும்.

இன்னொன்று, நூலும் மணியும். ஒன்றரை மீட்டர் நூலில் மூன்று நிற மணிகளைக் கோத்து, ஒரு முனையை ஜன்னல் கம்பியில் கட்டி, மறுமுனையை மூக்கு நுனியில் பிடிக்க வேண்டும். ஒரு மணியைப் பார்க்கும்போது, நூல் இரண்டாகித் தெரிந்து அந்த மணியில் வந்து சந்திக்க வேண்டும். ஒரே நூல்தான் தெரிகிறது என்றால் மூளை ஒரு கண்ணை அணைத்துவைத்திருக்கிறது. ஐந்து நிமிடம் போதும், தலைவலி வரும்வரை வேண்டாம்.

நல்ல கண்ணுக்குப் படத்தை மங்கலாகவும் சோம்பேறிக் கண்ணுக்குத் தெளிவாகவும் காட்டுகிற வீடியோ, விளையாட்டு முறைகளும் வந்திருக்கின்றன. அப்படி ஒன்றுக்கு, 4 முதல் 7 வயதுப் பிள்ளைகளுக்காக, அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2021-இல் அனுமதி தந்தது. அதையும் கண்ணாடி போட்டுக்கொண்டுதான் பார்க்க வேண்டும்.

பெரிய தொகையை மொத்தமாகக் கட்டச் சொல்கிற இடத்தில் மூன்று கேள்வி கேளுங்கள். இன்றைக்கு எத்தனை வரி படிக்கிறான், எத்தனை வாரத்தில் எவ்வளவு எதிர்பார்க்கிறீர்கள், ஏறாவிட்டால் எப்போது நிறுத்துவீர்கள். பதில் எண்ணில் வராவிட்டால் எழுந்து வந்துவிடுங்கள். கண்ணைச் சுழற்றுவது, விளக்கை உற்றுப் பார்ப்பது, கேரட் சாறு, கண்ணில் தாய்ப்பால் விடுவது, எதுவும் இதற்கு மருந்தில்லை. கண்ணில் எதையும் ஊற்றாதீர்கள்.

பெரிய பிள்ளைகள், பெரியவர்கள்

"ஏழு வயசு தாண்டிருச்சு, இனி ஒண்ணும் ஆகாது" என்று திருப்பி அனுப்பப்பட்டு வருகிறவர்களைப் பார்த்தால் எனக்கு ஆதங்கமாக இருக்கும். 2005-இல் வெளியான ஆய்வில், 7 முதல் 12 வயதுப் பிள்ளைகளில் கண்ணாடியோடு ஒட்டும் சொட்டு மருந்தும் சேர்த்துக் கொடுத்தவர்களில் 53 சதவீதம் பேர் நன்றாகத் தேறினார்கள். கண்ணாடி மட்டும் போட்டவர்களில் 25 சதவீதம். 13 முதல் 17 வயதில் பலன் குறைவு. ஆனால் அதற்கு முன் வைத்தியமே செய்யாதவர்கள் ஒட்டு போட்டபோது 47 சதவீதம் பேர் தேறினார்கள், கண்ணாடி மட்டும் போட்டவர்களில் 20 சதவீதம். ஒன்பதாம் வகுப்பில் கண்டுபிடித்தாலும் ஒரு முறை முழுதாக முயன்று பாருங்கள்.

பெரியவர்கள் விஷயத்தில் வார்த்தையை அளந்து சொல்கிறேன். சரியான கண்ணாடி, சில மாத ஒட்டு, இரு கண்ணுக்கும் வெவ்வேறு படம் காட்டுகிற பயிற்சி ஆகியவற்றால் சிலருக்கு ஒன்றிரண்டு வரி ஏறுகிறது. ஆழம் உணர்வது கொஞ்சம் கூடுகிறது. பலருக்கு ஏறுவதில்லை. தெற்கு ஆவணி மூல வீதி நகைப் பட்டறையில் கல் பதிக்கிற தம்பி ஒருவர், முப்பதைத் தாண்டியவர், பவர் வித்தியாசம், கண்ணாடியே போட்டதில்லை. கண்ணாடி போட்டு, பட்டறை மூடிய பிறகு ராத்திரியில் ஒட்டு போட்டார். சார்ட்டில் இரண்டு வரி ஏறியது. "ரெண்டு கண்ணையும் தொறந்து வச்சு கல்லை எடுத்தா இடுக்கி நேராப் போகுதுக்கா" என்றார். வேலை நேரத்தில், வண்டி ஓட்டும்போது ஒட்டு கூடவே கூடாது என்று அவரிடம் சொன்னதை உங்களுக்கும் சொல்கிறேன்.

நெடுநாள் மாறுகண் உள்ள பெரியவர்கள் யூடியூபைப் பார்த்து நூல், மணிப் பயிற்சியைத் தாங்களாகச் செய்ய வேண்டாம். அணைந்திருந்த படம் திரும்பி வந்து, எல்லாம் இரண்டாகத் தெரிய ஆரம்பித்தால் அதைப் போக்குவது மிகக் கடினம். லேசர் செய்தால் சரியாகுமா என்று கல்யாணத்துக்கு முன் வந்து கேட்கிறார்கள். லேசர் கண்ணாடியைத்தான் எடுக்கும். கண்ணாடி போட்டு எதுவரை தெரிந்ததோ அதுவரைதான் தெரியும். வெல்டிங், கல் உடைப்பது, மரம் அறுப்பது போன்ற வேலையில் இருந்தால் பாதுகாப்புக் கண்ணாடி இல்லாமல் ஒரு நாள்கூட நிற்காதீர்கள். பவர் இல்லாவிட்டாலும், ஒரு கண்ணை நம்பி இருப்பவர் பாலிகார்பனேட் கண்ணாடி போட்டுக்கொள்வது நல்லது.

நிறுத்துவது எப்படி

பார்வை ஏறிவிட்டது என்றதும் ஒரே நாளில் நிறுத்திவிடாதீர்கள். நிறுத்திய முதல் வருடத்தில் ஏறக்குறைய நான்கில் ஒரு பிள்ளைக்குப் பார்வை மறுபடி இறங்குகிறது. தினம் 6 மணி நேரத்துக்கு மேல் போட்டுச் சட்டென்று நிறுத்தியவர்களில் அது 42 சதவீதம், 2 மணி நேரமாகக் குறைத்து அப்புறம் நிறுத்தியவர்களில் 14 சதவீதம். ஒட்டு நின்ற பிறகும் கண்ணாடி தொடர வேண்டும்.

ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கி, தேதி, ஒட்டு போட்ட நேரம், எடுத்த நேரம், அன்றைக்கு என்ன விளையாடினாள் என்று எழுதிவாருங்கள். போடாத நாளையும் 'போடவில்லை' என்று எழுதுங்கள், நாங்கள் திட்ட மாட்டோம். பார்வை ஏறவில்லை என்றால், ஒட்டு பலிக்கவில்லையா, போடவே இல்லையா என்று தெரிந்தால்தான் அடுத்து என்ன என்று டாக்டர் முடிவு செய்ய முடியும். காட்ட வரும்போது அந்த நோட்டு, பழைய சீட்டு, போட்டிருக்கிற கண்ணாடி, மூன்றும் வேண்டும். காலையிலேயே வாருங்கள், தூக்கக் கலக்கத்தில் பிள்ளைகள் சரியாகப் படிப்பதில்லை. சொட்டு மருந்து ஊற்றினால் அன்றைக்கு எழுத்து மங்கலாகத்தான் தெரியும். வீட்டுப்பாடம் எழுத முடியாது என்று டீச்சருக்கு ஒரு வரி எழுதிக் கொடுத்துவிடுங்கள்.